இல்லாத தோள்வலிக்குத் தைலம்

எங்கள் பக்கத்துச் சலூன்களில் எதிரே ஒரு கண்ணாடி இருக்கும், முதுகுக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு முகம் பல முகமாகி, வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சின்ன வயதில் அதைப் பார்ப்பதற்காகவே முடிவெட்டிக்கொள்ளப் போவேன். ஐம்பதை நெருங்கும் வயதில் அதே கண்ணாடிக்குப் பயந்து தாடியோடு திரிந்தேன்.

கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது எனக்கும் வந்தது. அது போன பிறகு கன்னத்தில் ஒரு வலி நின்றுவிட்டது. எனக்குச் சர்க்கரை உண்டு. பல்வலி என்று நினைத்து, கிராம்பைக் கடித்துக்கொண்டு வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டப் போனேன். கண் வீங்கி மூடிக்கொண்ட பிறகுதான் சென்னைக்குக் கொண்டு போனார்கள். கரும்பூஞ்சை என்றார்கள். உயிர் வேண்டுமென்றால் எடுத்தாக வேண்டும் என்று வலது கண்ணையும், அதற்குக் கீழே கன்னத்து எலும்பையும், மேல்தாடையில் பாதியையும் எடுத்தார்கள். இருந்த தோலை இழுத்துத் தைத்தார்கள். வாய்க்குள் அண்ணத்தில் விழுந்த ஓட்டையை மூட ஒரு தட்டு செய்து கொடுத்தார்கள். அதை மாட்டாமல் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்துவிடும். மாட்டினாலும் பேச்சு மூக்கால்தான் வரும்.

முன்பே நான் பேசுகிற ஆள் இல்லை. கடையில் சில்லறை குறைவாகக் கொடுத்தால் கேட்கக் கூச்சப்பட்டு வந்துவிடுவேன். பொதட்டூர்பேட்டை ரோட்டில் இருக்கும் எங்கள் கிராமத்தில் நிலம் நீச்சு உள்ள குடும்பம்தான் எங்களுடையது. பஞ்சாயத்து பேசுகிற இடத்தில் எனக்கும் நாற்காலி போடுவார்கள். உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவேன், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் காரணம், மனப்பாடச் செய்யுளை எல்லோர் முன்னாலும் நின்று சொல்ல வேண்டியிருந்ததுதான்.

ஊரில் எல்லோரும் மாஸ்க் போட்டிருந்த வரைக்கும் எனக்குக் கவலை இல்லை. கறுப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு நானும் ஓர் ஆளாக நடந்தேன். பிறகு ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். கடைசியில் நான் ஒருவன்தான் மிஞ்சினேன். மாஸ்க்கைப் பார்த்தும் கண்டுகொள்ளாமல் போனவர்கள் போய், மாஸ்க்குக்குப் பின்னால் என்ன என்று பார்க்கிறவர்கள் வந்தார்கள். நான் வீட்டோடு இருந்துவிட்டேன். பீரோக் கண்ணாடியின் மேல் என் மனைவி ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டாள். நான் சொல்லவில்லை, அவளாகச் செய்தாள்.

தாடிதான் தொந்தரவு. இடது பக்கம் ஒழுங்காக வளர்ந்தது. வலது பக்கம் பள்ளத்துக்குள் கொத்துக் கொத்தாக வளர்ந்து, உள்ளே மடங்கிக் குத்தும், சீழ் வைக்கும். அந்தத் தோலுக்கு உணர்ச்சி கிடையாது. தடவிப் பார்த்து நானே சிரைத்தால் வெட்டுப்பட்டதுகூடத் தெரியாது. சட்டையில் ரத்தம் சொட்டிய பிறகுதான் தெரியும். கண்ணாடி பார்த்துச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பிழைத்து வந்தால் திருத்தணிக்கு வந்து மொட்டை போடுவதாக என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். "சாமி கடன வச்சிகினு எத்தினி நாளு இருப்ப?" என்று அவள் ஒரு நாள் கையைப் பிடித்துக் கிளப்பிவிட்டாள். மலையடிவாரத்தில் ஒரு தனியார் சத்திரம் இருக்கிறது. தங்க வருகிறவர்களுக்கு அங்கேயே மொட்டை அடிக்க, தகரக் கொட்டகை ஒன்று போட்டு வைத்திருந்தார்கள். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போனோம்.

உள்ளே நுழைந்ததும் நான் கவனித்தது, அந்தக் கொட்டகையில் கண்ணாடியே இல்லை. மொட்டைக்குக் கண்ணாடி எதற்கு? ஆட்கள் குள்ள மணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. குனிவது எனக்குப் பழக்கமாகியிருந்தது.

எனக்குக் கிடைத்தவர் என் வயதுக்காரர். ஒல்லியான ஆள், வாய் ஓயாது. வீட்டில் தெலுங்கு, வெளியே நம் தமிழ். தலையில் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்துக்கொண்டே, "சாமிக்கு ரெட்டச் சுழி" என்றார். பிறகு நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்து, "ஏம்மா, ரெட்டச் சுழிக்கு ரெண்டு பொண்டாட்டின்னு சொல்வாங்க. இன்னொரு அம்மா எங்க, வெளிய நிக்குதா?" என்றார்.

"ஒண்ணுக்கே பதில் சொல்ல வாயக் காணோம். இதுல இன்னொண்ணு வேறயா?" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. என்னைப் பற்றிச் சொல்வதற்கு முகத்தைத் தவிர வேறொன்று இருப்பதாக ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தலை முடிந்தது. "தாடி மீசை?" என்றார்.

"எல்லாமேதான் வேண்டிகினது" என்றாள் மனைவி.

"அப்ப அத்த கழட்டு சாமி. மாஸ்க் மேல கத்தி போட்டா மாஸ்க்குதான் மொட்டையாகும்."

நான் கழற்றவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. பழைய பிளேடைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுசைப் பாதியாக உடைத்துக் கத்தியில் மாட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி வெளியே போய்விட்டாள். நான் கழற்றி, முகத்தை நிமிர்த்தினேன். அவர் கை ஒரு நொடி நின்றது. நிற்கவில்லை என்று சொன்னால் பொய். பிறகு வலது பக்கத் தோலைக் கட்டைவிரலால் மெல்ல நீவிப் பார்த்தார்.

"இது புதுத் தோலு. கொழந்தைங்க தலை இப்படித்தான் இருக்கும். அழுத்தக் கூடாது." தாடியைத் தண்ணீர் தொட்டு நனைத்துக்கொண்டே, "நானு இருவது வருசமா மனுசங்க மூஞ்சியப் பாத்ததே இல்ல நைனா. எல்லாரும் என் முன்னால குனிஞ்சிதான் உக்கார்றாங்க. சுழி தெரியும், வடு தெரியும், பேன் தெரியும். மூஞ்சியக் காட்டி இது யாருன்னு கேட்டா முழிப்பேன். மூஞ்சி சிரைக்கறதே மறந்து போச்சு. எங்கனா வெட்டிட்டா சொல்லு" என்றார்.

"அங்க வெட்டினா எனக்குத் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியும் இல்ல" என்றார்.

வாசலில் ஓர் அம்மா கிண்ணத்தில் சந்தனம் கரைத்து வைத்துக்கொண்டு, வெளியே வருகிற மொட்டைகளுக்குப் பூசிவிடுவார். எனக்கும் பூசினார். தலையோடு நிறுத்தாமல் கன்னத்திலும் இழுத்துவிட்டார். மாஸ்க் என் சட்டைப் பையில் இருந்தது. கடைத்தெரு வழியாக நடந்தோம். மொட்டையும் சந்தனமுமாக எத்தனையோ பேர் நடந்துகொண்டிருந்தார்கள். திருத்தணியில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் காற்று என் கன்னத்தில் பட்டுக்கொண்டே வந்தது.

அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை சவரத்துக்கு அவரிடம் போக ஆரம்பித்தேன். கூட்டம் கலைந்த மதிய நேரத்தில் போவேன். எங்கள் வீட்டுக்குத் தலைமுறையாக முடிவெட்டியவர்கள் பின்பக்கம் வந்து, வேலையை முடித்துக்கொண்டு பின்பக்கமாகவே போனவர்கள். அவர்களை வீட்டில் யாரும் 'அவர்' என்று சொல்லிக் கேட்டதில்லை. இங்கே நான் 'அவர்' என்று எழுதுகிறேன். எழுதுவதில் என்ன, சுலபம். நேரில் அவரை நான் எப்படியும் கூப்பிட்டதில்லை. 'ஏம்பா' என்று கூப்பிட வாய் வரவில்லை, அதற்கு மேலே போகவும் வரவில்லை. அவர்தான் நைனாவை விட்டுவிட்டு, ஒரு நாள் சர்வசாதாரணமாக, "இன்னா பாவா, மழ வருமா?" என்றார். மச்சான் முறை. எங்கள் ஊரில் ஒருத்தர் காதில் விழுந்திருந்தால் சண்டை வந்திருக்கும். எனக்கு உள்ளே ஏதோ இளகியது. ஆனாலும் "ஆங், வரும்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் எனக்குத் தைரியம் சொன்னதே கிடையாது. டீ வாங்கி வரச் சொன்னார், அவ்வளவுதான். "நா எழுந்தா எடம் போய்டும். நீ போய் ரெண்டு டீ வாங்கினு வா" என்று தூக்குச் சொம்பை என் கையில் கொடுத்தார். சவரம் முடிந்த ஈர முகத்தோடு, மாஸ்க் போடுவதற்கு முன்னால்தான் சரியாகக் கொடுப்பார். எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தேன்.

"டீ மாஸ்டர் பாத்தானா?"

"பாத்தான்."

"எத்தினி நேரம் பாத்தான்?"

"தெர்ல. ரொம்ப நேரம்."

அவர் சொம்பைத் தொட்டுப் பார்த்தார். "டீ சுடுது. ரொம்ப நேரம் பாத்திருந்தா ஆறிப் போயிருக்கும். கொஞ்ச நேரந்தான் பாத்துகிறான்."

வாரா வாரம் இதே விளையாட்டுதான். சொம்பைத் தொட்டுவிட்டு, "இன்னிக்கு இன்னும் சூடு" என்பார். பிறகு டீ மாஸ்டரே நான் வருவதைப் பார்த்து டீயை ஆற்ற ஆரம்பித்துவிட்டார். நான் மெதுவாகச் சந்தைக்குப் போனேன். தாலுகா ஆபீஸுக்குப் போய்ப் பட்டாவுக்கு எழுதிக் கொடுத்தேன். மாஸ்க் இல்லாமல் பஸ்ஸில் ஏறிய அன்று, எதிர் சீட்டுக் குழந்தை அழுதது. இறங்கி வந்து அவரிடம் சொன்னேன். "என்னப் பாத்து டெய்லி அழுவுதுங்க. நா இன்னா செத்தா போய்ட்டேன்?" என்றார்.

அவர் கை என் முகத்தில் படாத இடம் இல்லை. என் வீட்டு வாசற்படியில் அவர் கால் பட்டதில்லை. எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். எங்கே உட்கார வைத்துச் சோறு போடுவது என்ற யோசனையிலேயே திருவிழா முடிந்துவிட்டது. அவரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு விஷயம் அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "கிருத்திகைல மட்டும் வராத பாவா. கூட்டம் கும்பலா இருக்கும்."

அந்தக் கிருத்திகையன்று சாயங்காலம் என் பங்காளி வீட்டில் நிச்சயதார்த்தம். ஆஸ்பத்திரிக்குப் பிறகு நான் போக நினைத்த முதல் விசேஷம். போகிற தைரியமே அவரால் வந்ததுதான். முகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று காலையிலேயே கொட்டகைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டு, "சரி உக்காரு" என்றார். அவசரமாக முடித்துவிட்டார். நான் எழுந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு நின்றேன். அடுத்தது ஒரு குழந்தைக்கு முதல் மொட்டை. தாய்மாமன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார வந்தார். என்னைப் பார்த்தார். குழந்தையைத் தன் மார்போடு சேர்த்துத் திருப்பிக்கொண்டார்.

"இந்தாளுக்கு இன்னா வியாதி?"

"வியாதி இல்ல சாமி, ஆப்பரேசன்" என்றார் என் நண்பர்.

பின்னால் நின்ற ஒருவர், "கரும்பூஞ்சை மாரி இருக்குது. அது தொத்திக்கும்பா. அதே கையில கொழந்தைக்கா?" என்றார்.

"பிளேடு புதுசு சாமி. பாருங்க, உங்க முன்னாலதான் ஒடைக்கிறேன்."

அவர்கள் கேட்கவில்லை. வேறு ஆளிடம் போனார்கள். வரிசையில் நின்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். தொற்றாது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எனக்குச் சோறு ஊட்டிய என் மனைவிக்கு ஒன்றும் வரவில்லை. அதைச் சொல்ல அங்கே என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நான் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். சாயங்காலம் நிச்சயதார்த்தத்துக்கும் போகவில்லை.

அடுத்த வாரம் போனபோது அவர் கொட்டகையில் இல்லை. டீக்கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"தோளு வலி பாவா. கொஞ்ச நாளு ரெஸ்ட்டு" என்று இடது தோளைப் பிடித்துக் காட்டினார். பெட்டியைத் திறந்து, அங்கேயே எனக்குச் சவரம் செய்துவிட்டார்.

நான் பஸ்ஸுக்குத் திரும்பும்போது சந்தனம் பூசுகிற அம்மா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். "தோளு வலின்னானா? பொய்யி. கிருத்திகையன்னிக்கு ரகள ஆனதுல மேஸ்திரி அவன உக்கார வேணாம்னுட்டாரு. அந்தாள இட்டுகினு வா, தொத்து இல்லன்னு டாக்டர் சீட்டு காட்டட்டும், எல்லாரு முன்னாலயும் சொல்லட்டும், அப்புறம் நீ உக்காருன்னாரு. இவன் முடியாதுன்னுட்டான். அந்தாள இங்க இட்டாந்து வேடிக்கை காட்ட மாட்டேன்னு சொல்லிட்டான். நீ போய் ஒரு வார்த்த சொல்லேன் நைனா. அவன் பொழப்பு."

"ஆங், சொல்றேன்" என்றேன்.

கொட்டகை எதிரிலேயேதான் இருந்தது. மேஸ்திரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை ஒவ்வொரு ஆளிடமாக அனுப்பிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். உள்ளே இருந்த அத்தனை தலைகளையும் பார்த்தேன். டாக்டர் சீட்டு வீட்டில்தானே இருக்கிறது, எடுத்து வரவில்லையே என்று ஒரு சாக்கு கிடைத்தது. பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த வாரம் போவதற்கு முன்னால் மருந்துக்கடையில் தோள்வலிக்குத் தைலம் ஒரு புட்டி வாங்கினேன். இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வலி இல்லை என்று தெரிந்தே வாங்கினேன். அவர் சொன்னதை நான் நம்பிவிட்டேன் என்று ஆகிவிட்டால், எனக்குக் கொட்டகைக்குப் போகிற வேலை இல்லை பாருங்கள். புட்டியை அவர் கையில் கொடுத்தேன். அவர் ஒரு நிமிஷம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து, சட்டைக்குள் கைவிட்டு, தோளில் தேய்த்துக்கொண்டார்.

"நல்லா சுரீர்னு ஏறுது பாவா" என்றார்.

இப்படியே வாரங்கள் போயின. மரத்தடியில் நான் உட்காருவேன். அவர் சிரைப்பார். தைலத்தை எடுத்துத் தேய்ப்பார். நான், "தேவலயா?" என்பேன். அவர், "பரவால்ல" என்பார். டீ வாங்கி வரச் சொல்வதை அவர் விட்டுவிட்டார். டீக்கடை பக்கத்திலேயே இருந்ததாலோ என்னவோ. சந்தனம் பூசும் அம்மா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊரில் எத்தனையோ பேர் என் முகத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள். இந்த அம்மா திரும்பியது வேறு காரணத்துக்கு என்பது எனக்குத் தெரியும்.

வேர்க்கடலை பிடுங்கும் வேலை இருக்கிறது என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டேன். கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரப்போகிறது என்று இன்னொரு வாரம். ஒரு தடவை டாக்டர் சீட்டை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். துணி துவைக்கும்போது என் மனைவி அதைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, எதற்கு என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் சோப்புக் கையோடு நின்றாள். "அந்தாளு உன் மூஞ்சிய எத்தினி மாசமா கையில வச்சினு இருந்தாரு? நீ அத்த ஒரு தபா தூக்கிக் காட்ட மாட்டியா? தைலம் வாங்கினு போனியாமே, தைலம்" என்றாள். மறுநாள் காலை என்னை எழுப்பிவிட்டாள்.

மரத்தடியில் அவர் இல்லை. சந்தனம் பூசும் அம்மாதான் சொன்னார். "ஆந்திராப் பக்கம் நகரியில ஒரு சலூன்ல சேந்துட்டான். காலைல திருப்பதி பஸ்ல போனா ராத்திரிதான் வர்றான்."

நான் நேராகக் கொட்டகைக்குப் போனேன். மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மாஸ்க்கையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றினேன். உள்ளே இருந்த ஆட்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மொட்டைக்கு உட்கார்ந்திருந்தவர்களும் குனிந்த தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். சீட்டை நீட்டினேன். பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "இது தொத்து இல்லிங்க. எனக்கு ஆப்பரேசன் பண்ணி எடுத்தது. எங்கூட இருக்கற யாருக்கும் வரல" என்றேன். மூக்கால் வந்த என் குரல் எனக்கே கேட்டது.

மேஸ்திரி இட்லியை விழுங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சீட்டைப் பார்க்கவில்லை. "அட, இவ்ளோதானா? அன்னிக்கு இன்னாமோ பயமுறுத்தினானுங்க. சரி சரி, மாட்டிக்கோ நைனா, வெயிலு" என்றார். உள்ளே இருந்த ஒருவர், "வலிக்குமாங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். என் நண்பர் அங்கே இருந்து சொம்பைத் தொட்டுப் பார்த்திருந்தால், டீ இன்னும் கொதிக்கிறது என்றிருப்பார்.

"அப்ப அவரு வரலாங்களா?" என்றேன்.

மேஸ்திரி கை கழுவினார். "வரலாந்தான். ஆனா அந்த எடத்துக்கு வேற ஆளு போட்டுட்டேனே. அவனும் புள்ள குட்டிக்காரன். போன மாசம் வந்து சொல்லியிருந்தா உக்கார வச்சிருப்பேனே. இன்னா பண்ணிகினு இருந்த?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்றே திருப்பதி பஸ்ஸில் ஏறி நகரியில் இறங்கினேன். சலூனைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. கண்ணாடிக் கதவு, உள்ளே நான்கு பக்கமும் கண்ணாடி, ஏசி. என் நண்பர் யாரோ ஓர் இளைஞனின் தாடிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத வேலை என்பது அவர் நாக்கைக் கடித்திருந்ததிலேயே தெரிந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"வா பாவா! பாத்தியா, வயசான காலத்துல டிசைன் போடறேன்."

என் முறை வந்தபோது நாற்காலியின் மேல் கை வைத்துக்கொண்டு, "கண்ணாடியா, ரோடா?" என்று கேட்டார். ரோடு என்றேன். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினார். முதலாளி கல்லாவிலிருந்து தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். இவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். முதலாளி சிரித்துவிட்டார். ரோட்டில் போகிறவர்கள் கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கொட்டகைக்குப் போய்வந்ததைச் சொன்னேன். மேஸ்திரி சொன்னதையும் சொன்னேன். அவர் சோப்பு நுரையைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"எல்லாரு முன்னாலயும் கழட்டுனியா?"

"ஆங்."

"கூட்டமா?"

"இருந்தது."

"நெசமாவா!" என்றார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். அதைத் தாங்க என்னால் முடியவில்லை.

"எனக்கு மொதல்லயே தெரியும். அந்த அம்மா அன்னிக்கே சொல்லிடுச்சு. தெரிஞ்சேதான் தைலம் வாங்கினு வந்தேன்."

"அது எனக்குத் தெரியாதா?" என்று என் கன்னத்தில் நுரையைப் பூசினார். "ஒரு வாரம் எடது தோளுன்னேன், மறுவாரம் மறந்துட்டு வலது தோள்ல தேச்சேன். நீ ரெண்டுக்கும் தலையாட்டுன. அன்னிக்கே புரிஞ்சிபோச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"இன்னான்னு கேப்பேன்? உடு."

எதிர்ச் சுவர் அலமாரியில், பவுடர் டப்பாக்களுக்கு நடுவில் அந்தப் புட்டி இருந்தது. பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"இப்ப நெசமாவே வலிக்குது பாவா. அங்க உக்காந்துகினு குனிஞ்ச தலைக்குப் பண்றது. இங்க நின்னுகினு கையத் தூக்கியே வச்சிருக்கணும். உன் தைலம் நல்லாத்தான் கேக்குது."

"குடு, நா தேச்சி உடறேன் பாவா" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக வந்தது. அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. "அதெல்லாம் வேணாம், கஸ்டமர் காத்துகினு கீறாங்க" என்று கத்தியை எடுத்தார்.

இன்றைக்கும் வாரம் ஒரு தடவை நகரிக்குப் போகிறேன். மாஸ்க் போடுவதில்லை. போன மாசம் ஊர்த் திருவிழாவுக்கு அவரைக் கூப்பிட்டேன். சலூனில் லீவு கிடைக்கவில்லை என்றார். கிடைக்கவில்லையா, கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியாது.

என் முறை வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்களுக்குச் செய்யும்போது நடுநடுவே வலது கையைக் கீழே இறக்கி உதறிக்கொள்வார், விரலை மடக்கி நீட்டுவார், பிறகு தொடங்குவார். எனக்குச் செய்யும்போது மட்டும் முடிகிற வரைக்கும் கையை இறக்குவதே இல்லை. அந்தப் பள்ளத்துக்குள் கத்தி போயிருக்கும்போது நிறுத்தினால் வெட்டிவிடும் என்று பயம் போலிருக்கிறது. நடுவில் கொஞ்சம் கையை ஆற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டு போகிறேன். கத்தி கன்னத்தில் இருக்கும்போது வாயைத் திறக்க முடியாது. அவர் கத்தியை எடுத்துத் துடைத்த பிறகு சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை.